தபால்காரர் மேல் போட்ட பழி

கடைசி இரண்டு வரிசைகளில் செல்போனை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டிருக்கும் மாணவ நண்பர்களே!

செல்போனை ஒளிக்க வேண்டாம். மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். நடுவில் அழைப்பு வந்தால் வெளியே போய்ப் பேசிவிட்டும் வரலாம். கூப்பிடுவது அம்மாவாக இருந்தால் கட்டாயம் போய்ப் பேசுங்கள்.

இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையைத் தம் மறைந்த துணைவியார் நினைவாக நிறுவிய பெரியவர், பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னை அவர் போனில் அழைக்கவில்லை. ஒரு இன்லேண்ட் லெட்டரில், மடிப்பு ஓரம்வரை நெருக்கி எழுதி அழைத்திருந்தார். நானும் இன்லேண்டிலேயே பதில் எழுத ஆசைப்பட்டுத் தெருமுனைத் தபால் நிலையத்துக்குப் போனேன். "ஸ்டாக் இல்லை சார், கவர் தரட்டுமா?" என்றார் அங்கிருந்த பெண். முப்பத்து நான்கு வருஷம் அதே மாதிரி கவுண்டருக்கு உட்புறம் உட்கார்ந்து நானும் எத்தனையோ பேரிடம் 'ஸ்டாக் இல்லை' என்று சொன்னவன்தான். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்து, சம்மதத்தை வாட்ஸப்பில் அனுப்பினேன்.

'தகவல் தொடர்பும் தனிமனித உறவும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் ஆய்வாளன் இல்லை. கோவில்பட்டி வட்டாரத்துச் சப் ஆபீஸ்களில் முத்திரை குத்தியே தேய்ந்த கை இது. எனவே, கண்ணால் பார்த்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

1980களின் தொடக்கம். எங்கள் ஊர் கரிசல்காட்டுச் சிற்றூர். பிராஞ்ச் ஆபீஸ் என்பது வாத்தியார் வீட்டுத் திண்ணையும் ஒரு தகரப் பெட்டியும். தபால்காரர் இலாகா முறையில் 'இ.டி.', அதாவது முழுநேர ஊழியர் அல்ல. இன்று கிராமிய டாக் சேவக் என்கிறார்களே, அந்த வகை. சப் ஆபீசிலிருந்து சைக்கிளில் பையை எடுத்து வருவார். எங்கள் தெருவில் ஒரு ஆச்சி. அவளுடைய ஒரே மகன் பம்பாயில், தாராவியில். அப்போதெல்லாம் பின்கோடு ஆறு இலக்கத்தையும் எழுத மாட்டார்கள். 'பம்பாய்-17' என்று எழுதினாலே போய்ச் சேரும். அவன் போன முதல் வருஷம் மணியார்டர் வந்தது. அதன் கூப்பனில் இரண்டு வரியும் வந்தது. அப்புறம் இரண்டும் நின்றுபோயின.

ஆச்சி உச்சிவேளைக்குத் திண்ணையில் வந்து உட்காருவாள். சைக்கிள் மணி கேட்டதும், "ஏ தபாலு, எனக்கு இருக்கா?" என்பாள். "நாளைக்கு வரும் ஆச்சி" என்பார் அவர். "வரும்... நீதான் வாற வழியில கெணத்துல போட்டுட்டு வாறியே, எப்படி வரும்?" என்று தொடங்கி, அவருடைய மூன்று தலைமுறையையும் இழுத்துவிட்டுத்தான் ஓய்வாள். அவர் கேட்டுக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

மூன்று வருஷம் கழித்து அம்மன் கோவில் கொடைக்கு மகன் வந்தான். டெரிலின் சட்டை, கையில் சூட்கேஸ். நானும் கொடைக்கு லீவு போட்டு ஊரில் இருந்தேன். மறுநாள் தபால்காரர் வந்தபோது ஆச்சி நடுத்தெருவில் சைக்கிளை மறித்துவிட்டாள். "எம்புள்ள மாசம் ஒரு லெட்டர் போட்டிருக்கான். அம்புட்டையும் என்ன செஞ்ச?" தெருவே கூடிவிட்டது. மகன் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். தபால்காரர் அவனை ஒரு நொடி பார்த்தார். பிறகு ஆச்சியிடம், "தப்புத்தான் ஆச்சி. மழையில பை நனைஞ்சு போச்சு" என்றார்.

தபால் இலாகாவில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், எழுத்தில் கொடுத்திருந்தால் வேலையே போயிருக்கக்கூடிய வாக்குமூலம் அது. சாயங்காலம் டீக்கடையில் அவரைப் பிடித்து, "ஏன் இப்படிச் சொன்னீங்க? அவன் எழுதவே இல்லைன்னு ஆச்சிக்குத் தெரியட்டுமே" என்றேன். "அவளுக்குத் தெரியாதுன்னா நெனைக்கீரு? வாரத்துக்கு ஒருதரம் பையைக் கவுத்துக் காமிக்கச் சொல்லுவாளே" என்றார்.

இன்று நான் சொல்லவந்ததெல்லாம் இந்த டீக்கடைப் பேச்சுக்கு உரைதான். சாக்கு என்றால் எழுதாதவன் சொல்வது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எங்கள் தெருவில் சாக்கைக் கண்டுபிடித்தது மகன் இல்லை. அவனுக்கு அவ்வளவு சாமர்த்தியமும் இல்லை. காத்திருந்தவள்தான் கண்டுபிடித்தாள். வருஷக்கணக்காகத் திண்ணையில் உட்கார்ந்து, வைது வைது, அதற்கு உயிர் கொடுத்து வளர்த்தாள். தபால் என்கிற ஏற்பாட்டில் இருந்த மழையும் கிணறும் சைக்கிளும் அதற்கு இடம் கொடுத்தன. தபால்காரர் தோளைக் கொடுத்தார். செய்தி போய்ச் சேரும் வழியில் எத்தனை ஓட்டை இருந்ததோ, அத்தனை ஓட்டைக்குள்ளும் உறவு புகுந்து பிழைத்துக்கொண்டது.

கல்லூரியில் பேசுகிறேன், இலக்கியம் தொடாமல் விட்டால் தமிழ்த்துறையார் கோபித்துக்கொள்வார்கள். தகவல் தொடர்பு என்றதும் பார்க்காமலே நட்புக்கொண்ட பிசிராந்தையாரை அழைத்துவருவது வழக்கம். அவர் பாவம், எல்லா மேடைக்கும் வந்து களைத்துப்போயிருக்கிறார். நான் மாதவியை அழைக்கிறேன்.

சிலப்பதிகாரத்தில் மாதவி கோவலனுக்கு இரண்டு கடிதம் எழுதுகிறாள். முதலாவது, பிரிந்த அன்றே எழுதியது. தாழை மடலில், பித்திகை மொட்டை எழுத்தாணியாக்கி, செம்பஞ்சுக் குழம்பில் தோய்த்து எழுதி, தோழி வசந்தமாலையிடம் கொடுத்தனுப்புகிறாள். தானியக் கடைத்தெருவில் வைத்து அவள் நீட்டுகிறாள். கோவலன் வாங்க மறுக்கிறான். ஆடல்மகள்தானே, இதுவும் ஒரு நடிப்பு என்பது அவன் நினைப்பு. அதே நாளில், அதே ஊரில், கோபம் ஆறுவதற்குள் கைக்கு வந்துவிட்ட கடிதம் அது.

இரண்டாவது கடிதம் வெகுதூரம் பயணப்படுகிறது. கோவலன் மதுரைக்குப் போகும் வழியில், அந்தணன் கௌசிகன் தேடிக் கண்டுபிடித்துக் கொடுக்கும் ஓலை. ஓலைச் சுருளின் வாயில் களிமண் வைத்து, அதில் மாதவி தன் கூந்தலை ஒற்றி முத்திரை இட்டிருக்கிறாள். அந்த மண்ணில் அவளுடைய கூந்தல் நெய்யின் வாசம் இருக்கிறது. அவனால் ஓலையைக் கையைவிட்டு இறக்க முடியவில்லை. அப்புறம்தான் பிரித்துப் படிக்கிறான். தவறு தன் பக்கம் என்று உணர்கிறான். அடுத்து அவன் செய்வதுதான் எனக்கு இன்றும் வியப்பு. அதே ஓலையைக் கௌசிகனிடம் திருப்பிக் கொடுத்து, 'இதில் எழுதியிருப்பது என் பெற்றோருக்கு நான் சொல்ல வேண்டியதற்கும் பொருந்துகிறது, அவர்களிடம் காட்டுங்கள்' என்று அனுப்பிவிடுகிறான். தமிழில் பதிவான முதல் 'ஃபார்வர்ட்' இதுவாகத்தான் இருக்கும். காதலி தனக்கு எழுதியதைத் தாய்தந்தைக்குத் தள்ளிவிட்டவன் என்று இன்றைய மாணவிகள் அவனை ஒரு பிடி பிடிக்கலாம், நியாயம்தான்.

நான் கவனிப்பது வேறொன்றை. எழுதியவளும் ஒருத்தி, படிக்க வேண்டியவனும் ஒருவன். ஒரு கடிதம் தள்ளப்பட்டது, மற்றொன்று ஏற்கப்பட்டது. கெஞ்சலில் கூடுதல் குறைச்சல் இருந்ததால் என்று எனக்குத் தோன்றவில்லை. நடுவில் நாள்கள் இருந்தன, நடந்த தூரம் இருந்தது, பெற்றோர் படும் துயரத்தை வாயால் எடுத்துச் சொல்ல ஒரு மூன்றாம் மனிதர் இருந்தார், மண்ணில் ஒரு வாசம் இருந்தது. இத்தனையும் சேர்ந்து படித்துக்கொடுத்த கடிதம் அது.

இதைச் சொன்னதும், 'அந்தக் காலத்துக் கடிதம் மாதிரி வருமா' என்ற பெருமூச்சு உங்களில் சிலரிடமிருந்து வருவது எனக்குக் கேட்கிறது. அந்தப் பெருமூச்சில் நான் சேரமாட்டேன். காரணம் உண்டு.

எட்டாம் வகுப்புப் படிக்கும்போது எங்கள் தெருவுக்கே கடிதம் எழுதிக்கொடுக்கிறவன் நான். 1961 கணக்கெடுப்பில் அன்றைய சென்னை மாநிலத்துப் பெண்களில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவாகத்தான் எழுதப் படிக்கத் தெரியும். எங்கள் ஊர்ப்பக்கம் அதிலும் கம்மி. ஒரு கடிதத்துக்குக் கூலி ஒரு கடலை மிட்டாய். நீளமான கடிதம் என்றால் இரண்டு. கோயம்புத்தூர் மில்லுக்கோ பம்பாய்க்கோ போன கணவனுக்கு ஒரு பெண் எழுத வேண்டும். மாமியார் அதே முற்றத்தில் பருத்தி பிய்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பெண் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். 'அன்புள்ள அத்தான் அவர்களுக்கு, இங்கு யாவரும் நலம். அங்கு தங்கள் நலத்துக்கு எழுதவும். இப்பவும்...' இந்த 'இப்பவும்' என்ற சொல்லுக்குப் பிறகுதான் விஷயம் தொடங்கும். பசு கன்று போட்டது. மாமாவுக்கு இருமல் நிற்கவில்லை. மேற்குப் பக்கக் கூரை ஒழுகுகிறது. சீட்டுக்குப் பணம் கட்டணும்.

அதற்குப் பிறகு அவள் பேச்சு நின்றுவிடும். நான் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருப்பேன். அவள் மாமியாரைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், தாளில் மிச்சமிருக்கும் இடத்தைப் பார்ப்பாள். கடைசியில், "மத்தது நேர்லன்னு போட்டிருல" என்பாள். 'மற்றவை நேரில்' என்று எழுதி ஒட்டிவிடுவேன். கடிதத்தை முடிக்கிற மரபு அது என்றுதான் அந்த வயதில் எனக்குத் தெரியும். கல்யாணமாகி, வேலை நிமித்தம் நானே வெளியூரில் தனியாகக் கிடந்தபோதுதான் உறைத்தது. அவள் எழுத நினைத்த கடிதம் முழுக்க அந்த இரண்டு சொல்லுக்குள்தான் இருந்திருக்கிறது. எட்டாம் வகுப்புப் பையனிடம் சொல்லி எழுதமுடியாத கடிதம். அந்தப் பக்கத்திலும் அதை அவனுக்கு யாரோ ஒருவர்தான் படித்துக் காட்டியிருப்பார்.

ஆக, கடிதம் அந்தரங்கமானது என்பது எழுதத் தெரிந்தவர்களின் நினைவு. தெருவில் பாதிப்பேருக்கு அது ஊர் கேட்க வாசிக்கப்பட்ட அறிக்கை. இதற்கு விலக்காக எனக்குத் தெரிந்து ஒரு வழி இருந்தது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் முஸ்லிம் பெண்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதினார்கள். குர்ஆன் ஓதக் கற்ற எழுத்தே கடிதத்துக்கும் உதவியது. கொழும்புக்கும் அதற்கு அப்பாலும் போன கணவருக்கு அவர்களில் பலர் தம் கைப்படவே எழுதமுடிந்தது. பள்ளிக்கூடம் தராத வசதியை ஓதும் பள்ளி தந்திருக்கிறது. அரபுத்தமிழைப் பற்றிப் பேசுகிறவர்கள் மார்க்க நூல்களைத்தான் சொல்கிறார்கள். அந்தக் கடிதங்களைப் பற்றி இன்னும் விரிவாக யாராவது எழுத வேண்டும். இங்கே இருக்கும் ஆய்வு மாணவர்களுக்கு என் விண்ணப்பம் இது.

போர்க்காலத்து யாழ்ப்பாணத்தில் வேறு வகை. தொலைபேசி இல்லாத வருஷங்களில் செஞ்சிலுவைக் குழுவின் வழியாகக் குடும்பச் செய்திகள் போய் வந்தன. திறந்த தாள். குடும்ப நலன் மட்டும் எழுதலாம். யாரும் படிக்கலாம் என்று தெரிந்தேதான் எழுத வேண்டும். அங்கும் 'மற்றவை நேரில்'தான். நேரில் என்பது வராமலே போனவர்கள் எத்தனையோ பேர்.

பிறகு வளைகுடா வந்தது. துபாய், சவூதி போனவர்கள் டூ-இன்-ஒன் டேப்ரெக்கார்டர் வாங்கி அனுப்பினார்கள், கூடவே பேசிப் பதிந்த கேசட்டையும். லீவில் வருகிற யாராவது கையில் கொடுத்தனுப்புவார்கள். எழுத்து தெரியாத தாய்க்கு மகன் குரல் கிடைத்தது, பெரிய காரியம். ஆனால் கூடத்தில் வைத்து ஓடவிட்டால் வீடே உட்கார்ந்து கேட்கும். மகனுக்கும் அது தெரியும். ஆகவே பேர் பேராகச் சொல்லி எல்லோரையும் விசாரித்துவிட்டு, மனைவிக்கு மட்டும் 'உடம்பைப் பார்த்துக்கொள்' என்று ஒரு வரியோடு நிறுத்திவிடுவான்.

இப்போது நூறு நாள் வேலை நடக்கும் கண்மாய்க்கரைக்குப் போய்ப் பாருங்கள். வேப்பமர நிழலில் ஒரு பெண் தள்ளி உட்கார்ந்து, செல்போனைப் பிஸ்கட் மாதிரி வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, கத்தாரில் இருக்கும் கணவனுக்குப் பேசிப் பேசி அனுப்புகிறாள். அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்குக் கேட்காது, கேட்கவும் கூடாது. எட்டாம் வகுப்புப் பையன் வேண்டாம். கடலை மிட்டாய் வேண்டாம். எங்கள் முற்றத்துப் பெண் 'மத்தது நேர்ல' என்று விழுங்கியதை இவள் வாய்விட்டுச் சொல்கிறாள். இணையம் உறவைக் கெடுத்துவிட்டது என்று யாராவது என்னிடம் பொதுவாகச் சொன்னால், இந்தக் கண்மாய்க்கரையைத்தான் காட்டுவேன்.

நடுவில் வந்த தந்தி, ட்ரங்க்கால், எஸ்.டி.டி. பற்றியெல்லாம் நீட்டப்போவதில்லை. தந்தி 2013 ஜூலையில் முடிந்தது. கடைசி நாளில் ஊர் ஊராகக் கூட்டம் கூடி, தங்களுக்குத் தாங்களே நினைவுக்காகத் தந்தி கொடுத்துக்கொண்டார்கள். வாழ்நாளெல்லாம் தந்தி என்றால் சாவு என்று பயந்த ஜனம் அது. எஸ்.டி.டி. பூத்தில் ராத்திரிக் கட்டணச் சலுகைக்காக வரிசையில் நின்றவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்: பி.பி. நம்பர். நம் வீட்டில் போன் இருக்காது; கல்யாணப் பத்திரிகையிலும் விண்ணப்பத்திலும் பக்கத்து வீட்டு எண்ணைப் போட்டு 'பி.பி.' என்று குறிப்போம். 'உங்களுக்குப் போன் வந்திருக்கு, அஞ்சு நிமிஷத்துல மறுபடி பண்ணுறாங்களாம்' என்று சுவருக்கு மேலே குரல் வரும். ஓடுவோம். அவர்கள் வீட்டுக் கூடத்தில், அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, நம் வீட்டு நல்லது கெட்டதைப் பேசுவோம். கெட்ட செய்தி என்றால் முதலில் தண்ணீர் கொண்டுவந்து தருவது அந்த வீட்டுக்கார அம்மாவாக இருக்கும். பம்பாய் மகனுக்கும் நமக்கும் நடுவில் ஓடிய கம்பி, பக்கத்து வீட்டோடு ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு ஓடியது.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. ஸ்டாம்பு ஒட்டாமல் கடிதம் போட்டால் இரண்டு மடங்கு காசு வாங்கிக்கொண்டுதான் பட்டுவாடா செய்வோம். 'நாட் பெய்ட்' என்போம், ஊரில் தண்டத் தபால் என்பார்கள். சிலர் உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், கையெழுத்தைப் பார்ப்பார்கள், 'வேண்டாம்' என்று திருப்பித் தந்துவிடுவார்கள். கையெழுத்து வந்ததே போதும், ஆள் உயிரோடு இருக்கிறான். இலாகாவுக்கு நஷ்டம், குடும்பத்துக்கு லாபம். 1995இல் இந்தியாவில் செல்போன் வந்தபோது வருகிற அழைப்புக்கும் காசு பிடித்தார்கள். 2003இல்தான் அது போனது. அதற்குப் பிறகும் பல வருஷம் நம் ஜனங்கள் 'மிஸ்டு கால்' கொடுத்தே குடும்பம் நடத்தினார்கள். ஒரு மணி அடித்து நிறுத்தினால் பஸ் ஏறிவிட்டேன், இரண்டு மணி என்றால் இறங்கிவிட்டேன். தண்டத் தபாலைத் திருப்பி அனுப்பியவரின் பேரப்பிள்ளைகள்தானே.

இப்போது, பேச்சின் தொடக்கத்தில் விட்ட இடத்துக்கு, அந்த ஓட்டைகளுக்கும் சாக்குகளுக்கும், வருகிறேன்.

கடிதத்தில் ஒரு விநோதம் உண்டு. நான் எழுதியது என்னிடம் இருக்காது. இடைசெவல் என்ற சின்ன ஊரிலிருந்து இரண்டு சாகித்திய அகாதெமி விருதுக்காரர்கள் வந்தார்கள், கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும். ஒருவர் சென்னைக்கும் மலேயாவுக்கும் போனார், மற்றவர் அப்போது ஊரிலேயே இருந்தார். அழகிரிசாமி எழுதிய கடிதங்கள் இன்று புத்தகமாக நமக்குக் கிடைக்கின்றன என்றால், காரணம் கி.ரா. அவற்றைப் பாதுகாத்தார் என்பதே. ஒருவர் மனசு இன்னொருவர் பெட்டியில் இருக்கும். எழுதியவர் என்ன எழுதினோம் என்பதை மறந்துவிடலாம். மறந்ததால் அடுத்த கடிதத்தில் வேறு மாதிரி ஆளாகவும் வரலாம்.

வாட்ஸப்பில் இருவர் பேசியதோ இருவரிடமுமே இருக்கிறது, தேதி, மணி, நிமிஷத்தோடு. நான் பார்க்க, புதுசாகக் கல்யாணமான பிள்ளைகள் சண்டை போடும்போது 'நீ அன்னைக்கு என்ன சொன்னே' என்று வாயால் கேட்பதில்லை. விரலால் மேலே மேலே தள்ளி, எட்டு மாதத்துக்கு முந்தைய வரியைக் கொண்டுவந்து முன்னால் நீட்டுகிறார்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து நாத்தனாருக்கும் அனுப்புகிறார்கள். எங்கள் காலத்துத் தம்பதிகள் சண்டையில் தாராளமாகப் பொய் சொன்னோம். 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்று இருவரும் சத்தியம் செய்வோம். சாட்சி கிடையாது. சோறு ஆறிப்போகும் நேரத்தில் வழக்குத் தள்ளுபடி ஆகிவிடும். 2017இல் 'எல்லோருக்கும் அழி' என்றொரு வசதி கொடுத்தார்கள். அதிலும் 'இந்தச் செய்தி அழிக்கப்பட்டது' என்று கல்லறை மாதிரி ஒரு வரி நிற்கும். அழித்தது என்னவாக இருக்கும் என்று யோசித்தே ஒரு ராத்திரி போகும்.

2014 நவம்பரில் அந்த இரண்டு நீலக்குறி வந்தது. எழுதியது போய்ச் சேர்ந்ததா, பிரித்தாரா, எத்தனை மணிக்குப் பிரித்தார், எல்லாம் தெரியும். போய்ச் சேர்ந்தது என்று திருப்பி அனுப்புகிற அக்னாலெட்ஜ்மெண்ட் கார்டுக்குத் தனிக்காசு வாங்கிக்கொண்டிருந்த எங்கள் இலாகா, இதை இலவசமாகக் கொடுப்பான் ஒருவன் என்று கனவிலும் நினைத்திருக்காது. அதை அணைத்துவைக்கும் வசதியும் உண்டு. அணைத்தால், 'எதற்கு அணைத்திருக்கிறான்?' என்று அது ஒரு புதிய கேள்வி. எங்கள் தெரு ஆச்சி இன்று இருந்திருந்தால், அவள் மகன் நேற்று இரவு 11.42 வரை விழித்திருந்ததை அவளுக்கு அந்தக் கண்ணாடித் துண்டு சொல்லியிருக்கும். யாரை வைவாள்? மழையில் நனைய இங்கே பை இல்லை.

நியாயம் கருதி மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். தபாலின் ஓட்டைகளில் உறவு மட்டுமா புகுந்து பிழைத்தது? கொழும்புக்கும் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போய், அங்கே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு, இங்கே ஒருத்தியை வாசலைப் பார்க்கவிட்ட ஆண்கள் எத்தனை பேர்? கப்பல் வரவில்லை, சண்டை நடக்கிறது, தபால் தவறிவிட்டது என்று அவளாகவே ஆயிரம் காரணம் நெய்துகொண்டு, தலை நரைத்துப்போன பெண்கள் எங்கள் பக்கத்து ஊர்களில் இருந்தார்கள். அவளுக்கு இருபது வயதில் ஒரு நீலக்குறி கிடைத்திருந்தால், அழுதுவிட்டு எழுந்து தன் வழியைப் பார்த்திருப்பாள். காத்திருப்பவள் கண்டுபிடிக்கும் சாக்கின் செலவு முழுவதும் அவள் கணக்கில்தான் எழுதப்பட்டது. அந்த ஆச்சியின் கதையை நான் ரசித்துச் சொன்னேன். சொல்லும்போதே எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. நான் அந்த மகனின் வயதுக்காரன். எழுதாமல் இருந்தவர்களின் கட்சி.

அதனால் எது நல்லது, எது கெட்டது என்று தராசு பிடிக்க என்னால் ஆகாது. எனக்குப் படுவது இவ்வளவுதான்: மனிதர்கள் இப்போதும் சாக்கை விடவில்லை. செய்தி தவறிப்போக வழியே இல்லாத இடத்திலும் ஒரு வழியை உண்டாக்கப் பார்க்கிறார்கள். 'நெட் இல்லை', 'சார்ஜ் போயிடுச்சு', 'சைலண்ட்ல இருந்தது' என்கிறோம். எங்கள் ஓய்வூதியர் குழுவில் தினம் காலை ரோஜாப்பூப் படம் போட்டு 'இனிய காலை வணக்கம்' அனுப்பும் நண்பர்களைப் பேரப்பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். அது 'நலம், நலமறிய ஆவல்' என்ற பழைய அச்சின் புதிய வார்ப்பு. யாரும் பூவைப் பார்ப்பதில்லை. பூ வராவிட்டால் மட்டும் பார்ப்போம். உடனே ஒருவர் போன் போடுவார், 'என்ன, நெட் காலியா?' என்று கேட்டுக்கொண்டே. உடம்பு எப்படி இருக்கிறது என்று நேரே கேட்கமாட்டார்.

போன மாதம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். என் மகன் வெளிநாட்டில் இருக்கிறான். அவன் அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று என்று அவனுக்கு எழுதினேன். இரண்டு நீலக்கோடு விழுந்தது. பதில் இல்லை. மறுநாளும் இல்லை. அன்று இரவு அவன் ஸ்டேட்டஸில் நண்பர்களோடு ஏதோ மலைக்குப் போன படம், ஏழெட்டு. மூன்றாம் நாள் காலையில் கூப்பிட்டான். "ஸாரிப்பா, இங்க ரெண்டு நாளா நெட்டே சரியா கிடைக்கலை."

"ஆமாம்ப்பா, நானும் அதுதான் நெனைச்சேன். இங்கயும் கோளாறுதான்" என்றேன்.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, அவன் வைக்கும்வரை பேசாமல் இருந்துவிட்டு, "இங்க நல்லாத்தான வருது?" என்றாள்.